மாணவர் இலக்கும் ஆசிரியர் மதிப்பெண்ணும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து

மாணவர் கற்றல் இலக்கு என்பது, ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் தம் வகுப்புப் பிள்ளைகளின் அப்போதைய நிலையைக் கண்டறிந்து, ஆண்டு முடிவில் அவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுத்தில் குறித்து வைப்பது. நல்ல ஆசிரியர் எவரும் இதை மனத்துக்குள்ளாவது செய்பவர்தான். அந்த எழுத்து அவருடைய பணித்திறன் மதிப்பீட்டோடு இணைக்கப்படும்போது அதன் இயல்பு மாறிவிடுகிறது. பிள்ளைக்காக எழுதிய குறிப்பு, ஆசிரியரின் சம்பளத்தையும் பதவி உயர்வையும் தொடும் ஆவணமாகிறது. மலேசியாவில் அரசுப் பணியில் உள்ள ஆசிரியர்கள் அனைவரும், தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உட்பட, ஆண்டுதோறும் இந்த ஆவணத்தை நிரப்புகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியானாலும், நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளி என்று பெயர் பெற்ற கிள்ளான் சிம்பாங் லீமா பள்ளியானாலும், முப்பது நாற்பது பேர் மட்டுமே படிக்கும் பழைய தோட்டப் பள்ளியானாலும் படிவம் ஒன்றுதான். அதில் எழுதப்படும் எண்ணின் பொருள் மட்டும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது.

இலக்கு படிவத்துக்குள் வந்த கதை

1992இல் அறிமுகமான புதிய ஊதிய முறையோடுதான், மலேசிய அரசு ஊழியர்களின் ஆண்டுச் சம்பள உயர்வு அவர்களது பணித்திறன் மதிப்பீட்டோடு இறுக்கமாகக் கட்டப்பட்டது. 2002 நவம்பரில் அதற்குப் பதிலாக மலேசிய ஊதிய முறை வந்தது. அதே ஆண்டின் நான்காம் எண் சேவைச் சுற்றறிக்கை, ஒவ்வோர் ஊழியரும் ‘சாசாரான் கெர்ஜா தாஹுனான்’ எனப்படும் ஆண்டுப் பணி இலக்கை எழுத வேண்டும் என்று விதித்தது. ஜனவரியில் இலக்கை வகுத்து, ஆண்டின் நடுவில் திருத்தி, முடிவில் சரிபார்ப்பது முறை. நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினரின் மதிப்பெண்ணில் பாதி பணி விளைவுக்கு ஒதுக்கப்பட்டது. மீதிப் பாதியை அறிவும் திறனும், தனிப்பட்ட பண்பு, பணிக்கு வெளியிலான பங்களிப்பு ஆகியவை பகிர்ந்துகொண்டன. சிறந்த சேவைக்கான விருது மொத்த ஊழியரில் 8 விழுக்காட்டினருக்கே என்ற வரம்பும் இருந்தது.

இந்தப் படிவம் குடிநுழைவு அலுவலகத்துக்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தில் உருவானது. கோப்பு நகர்வதையும் கடப்பிதழ் வழங்குவதையும் எண்ணிக் காட்டலாம். பிள்ளை படிப்பதை எப்படி எண்ணுவது? பல பள்ளிகளில் ஆசிரியர்கள் தங்கள் இலக்காக எழுதியவை, வாரத்துக்கு இத்தனை பாடவேளை, ஆண்டுக்கு இத்தனை தேர்வுத்தாள், இத்தனை கூட்டம் என்ற வகையில் அமைந்தன. அது ஆசிரியர் செய்த வேலையின் கணக்கு. மாணவர் கற்றதின் கணக்கு ஆகாது.

2013இல் வெளியான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் (2013–2025) இந்த இடைவெளியைத் தொட்டது. உயர்கல்வித் தலைமைத்துவப் பயிலகம் 2011இல் 41 பள்ளிகளில் 125 பாடவேளைகளைப் பார்வையிட்டதன் முடிவை அத்திட்டம் எடுத்துக்காட்டியது. 12 விழுக்காட்டுப் பாடங்கள் உயர்தரமாகவும் 38 விழுக்காடு திருப்தியாகவும் இருந்தன; மீதிப் பாதி போதாது என்று கருதப்பட்டது. காகிதத்தில் பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண் பெறும் அமைப்பில் வகுப்பறையில் கண்ட நிலை இது. அதே காலத்தில் அனைத்துலக டிம்ஸ் கணித ஆய்வில் மலேசியாவின் புள்ளி 1999இல் 519 என்ற உயரத்திலிருந்து 2011இல் 440க்குச் சரிந்திருந்தது. ஆசிரியர் மதிப்பீடு பிள்ளைகளின் கற்றலைத் தொட வேண்டும் என்ற குரல் வலுப்பெற இவ்விரண்டும் காரணமாயின.

அதன் விளைவாக 2010களின் நடுப்பகுதியில் கல்விச் சேவை அதிகாரிகளுக்கென்று தனியே ஒருங்கிணைந்த மதிப்பீடு வந்தது. ஆசிரியர் அறையில் அதை ‘பிபிபிபிபி’ என்ற ஐந்தெழுத்தால் குறிப்பிடுகிறார்கள். வகுப்பறைக் கற்பித்தலைப் பார்வையிட்டு இடும் மதிப்பெண் அதன் ஒரு தூண். ‘கெபெர்ஹாசிலான்’ எனப்படும் விளைவுப் பகுதி மற்றொரு தூண். ஆண்டுத் தொடக்கத்தில் குறித்த இலக்கும் முடிவில் கிடைத்த அடைவும் எதிரெதிரே நிற்பது இந்த விளைவுப் பகுதியில்தான். 2017இல் நடைமுறைக்கு வந்த மலேசியக் கல்வித் தரநிலையின் இரண்டாம் அலை, அதன் நான்காம் தரத்தில் ஆசிரியரைத் திட்டமிடுபவர், கட்டுப்படுத்துபவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர் என ஐந்து கோணங்களில் நோக்குகிறது. மாணவர் எவ்வளவு முனைப்பாகக் கற்கிறார் என்பது ஆறாவது கோணம். பார்வையிடல் ஆசிரியரின் செயலையும், விளைவுப் பகுதி மாணவரின் நிலையையும் பிடிக்க முயல்கின்றன. சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

ஹெட்கவுண்ட் என்னும் கணக்கு

இலக்கை எப்படி வகுப்பது என்று ஆசிரியர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. மலேசியப் பள்ளிகளில் ‘ஹெட்கவுண்ட்’ என்ற முறை அதற்கு வெகுகாலம் முன்பே ஊன்றியிருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி. முதல் கட்டத்தில் தொடக்க மதிப்பெண், அது ‘டி.ஓ.வி.’ கடைசிக் கட்டத்தில் எதிர்பார்க்கும் இறுதி மதிப்பெண், அது ‘ஈ.டி.ஆர்.’ இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இடைநிலை இலக்குகள் கிடைக்கும், அவை ‘ஓ.டி.ஐ.’ ஒவ்வோர் இடைநிலை இலக்கின் பக்கத்திலும் உண்மையில் வாங்கிய மதிப்பெண் எழுதப்படும், அது ‘ஏ.ஆர்.’

எடுத்துக்காட்டாக, கணிதத்தில் 42 மதிப்பெண்ணோடு ஆண்டைத் தொடங்கும் பிள்ளைக்கு 60 என்று இறுதி இலக்கு வைத்தால், மூன்று சோதனைகளுக்கு முறையே 48, 54, 60 என்ற படிகள் அமைகின்றன. இந்த அட்டவணையின் நன்மை மறுக்க முடியாதது. வகுப்புச் சராசரிக்குள் ஒளிந்துவிடும் பிள்ளையைப் பெயரோடு வெளியே கொண்டுவருகிறது. இரண்டாம் சோதனையில் 54 வரவேண்டிய இடத்தில் 44 வந்தால், ஆண்டு முடியும் முன்பே ஆசிரியர் கண்ணில் படுகிறது. குறைநீக்கல் நடவடிக்கைக்கு இன்னும் சில மாதங்கள் கையில் இருக்கின்றன.

ஆனால் அட்டவணை ஒன்றை மௌனமாக அனுமானிக்கிறது: கற்றல் ஏணிப்படிபோல் சம உயரத்தில் ஏறும் என்று. பின்னம் தெரியாத பிள்ளைக்கு விழுக்காடும் தசமமும் மாதக்கணக்கில் இருளாகவே இருக்கும். பின்னம் விளங்கிய வாரத்தில் மூன்றும் ஒன்றாக வெளிச்சமாகும். அப்பிள்ளையின் வரி 42, 43, 45, 63 என்று ஓடினால் அது நல்ல கற்பித்தலின் அடையாளமாகவும் இருக்கலாம். இடைநிலை இலக்கை மட்டும் பார்ப்பவருக்கு அதில் இரண்டு தோல்விகள்தான் தெரியும்.

இன்னொரு குறையும் உண்டு. வகுப்பின் இலக்கு தேர்ச்சி விழுக்காடாக எழுதப்படும்போது, தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் நான்கைந்து பிள்ளைகளே ஆசிரியரின் முழுக் கவனத்தையும் பெறுகிறார்கள். வெகு கீழே உள்ளவர் எப்படியும் தாண்டமாட்டார், மேலே உள்ளவர் எப்படியும் தாண்டிவிட்டார் என்ற கணக்கு அது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தொடக்கப்பள்ளி ஒன்றை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, போர்க்கள மருத்துவர் காயம்பட்டோரைத் தரம்பிரிப்பதற்கு இதை ஒப்பிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டுக் கைதட்டும் பெற்றோருக்கு, தம் பிள்ளை அந்த மூன்று குழுக்களில் எதில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது.

ஆறு பேர் வகுப்பும் நூற்றிருபது பேர் ஆண்டும்

நாட்டில் ஐந்நூற்று இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை 150 மாணவருக்கும் குறைவான, ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற வகையைச் சேர்ந்தவை. மொத்தம் முப்பது பேர் கூட இல்லாத பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் அமரும் இணைப்பு வகுப்பும் நடக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறப்பு, இந்தச் சிற்றளவுப் பள்ளியும் நெரிசலான பெரும்பள்ளியும் சில கிலோமீட்டர் தொலைவில் அடுத்தடுத்து இருப்பதுதான். எஸ்டேட் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகும் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல்லைச் சுமந்து நிற்கும் பள்ளிகள் இன்னும் உள்ளன.

இந்த இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் ஒரே வகை எண் இலக்கு எவ்வளவு மாறுபட்ட பொருள் தருகிறது என்பதைச் சிறு கணக்கு காட்டும். பள்ளிகளில் நெடுங்காலம் புழங்கிய தரச் சராசரி முறையில் ஏ-வுக்கு 1, பி-க்கு 2 என்று தொடங்கி இ-க்கு 5 வரை மதிப்பு. எண் குறையக் குறைய நிலை உயர்வு. ஆறு பேர் கொண்ட வகுப்பில் தரங்கள் 1, 2, 2, 3, 3, 4 என்று இருந்தால் சராசரி 2.50. சாலாக் செலாத்தான் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு குடும்பம் நடு ஆண்டில் குடிபெயர்ந்து, 5ஆம் தரத்தில் உள்ள ஒரு பிள்ளை இந்த வகுப்பில் சேர்ந்தால் சராசரி 2.86 ஆகிவிடும். மாறாக, 4ஆம் தரப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் 2.20. ஆசிரியர் ஒன்றுமே செய்யாமல் ‘வீழ்ச்சி’யும் ‘பாய்ச்சலும்’ பதிவாகின்றன. 120 பேர் உள்ள ஆண்டில் அதே சராசரியோடு அதே பிள்ளை சேர்ந்தால் எண் 2.50லிருந்து 2.52க்கு நகரும், யார் கண்ணுக்கும் படாது.

பெரிய வகுப்பிலும் கூட எண்ணைப் பார்த்து ஆசிரியரைத் தரம்பிரிப்பது நம்பத்தக்கதல்ல. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது 1 முதல் 14 விழுக்காடு வரைதான் என்பதை ஆய்வுகளின் பொது முடிவாகச் சுட்டியது. எஞ்சியவை வீடு, முன்கல்வி, பள்ளியின் வசதி, பாடத்திட்டம், தற்செயல் ஆகியவற்றைச் சார்ந்தவை. ஆசிரியர் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தனி ஆசிரியரின் பங்கைப் பிரித்தெடுக்க ஒரு வகுப்பின் ஓராண்டு மதிப்பெண் போதாது என்பதே இதன் பொருள். ஆறு பேர் வகுப்பில் அது சுத்தமாகப் போதாது.

அளவுகோல் மாறும்போது

இலக்கு என்றால் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் கடந்த பத்தாண்டுகளில் நிலையாக இல்லாதது அளவுகோல்தான். 1988 முதல் ஆறாம் ஆண்டின் முடிவில் நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வு, 2016இல் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளோடு புதிய வடிவம் பெற்றது. முந்திய ஆண்டில் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவர்கள் 38,000க்கு மேல். 2016இல் அந்த எண்ணிக்கை 5,000க்கும் கீழே இறங்கியது. ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் கெட்டுப்போகவில்லை, பிள்ளைகளும் மங்கிவிடவில்லை. பழைய முடிவுகளை அடிப்படையாக வைத்து இலக்கு எழுதியவர்களின் படிவத்தில் மட்டும் பெரும் சரிவு பதிவானது.

2021 ஏப்ரலில் யூபிஎஸ்ஆர் முற்றாக நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2019இல், ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை எழுத்துத் தேர்வுகள் விலக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு அவற்றின் இடத்துக்கு வந்திருந்தது. அதில் ஆறு அடைவு நிலைகள் உள்ளன. மூன்றாம் நிலை குறைந்தபட்ச அடைவு. 2022/2023 கல்வியாண்டு முதல் நான்காம் ஆண்டு தொடங்கி மேல்வகுப்புகளுக்குக் கல்வியாண்டு இறுதித் தேர்வு சேர்ந்தது. ஆகவே மூன்றாம் ஆண்டின் அடைவு நிலையைத் தொடக்கமாகவும் நான்காம் ஆண்டின் தேர்வு மதிப்பெண்ணை முடிவாகவும் வைத்து இலக்கு எழுத வேண்டிய நிலை வந்தது. வெப்பத்தை அளந்து உயரத்தில் விடை எழுதுவது போன்றது இது.

தன் பிள்ளைக்குத் தானே தேர்வாளர்

2010இல் அரசு உருமாற்றத் திட்டத்தின் கீழ் தொடங்கிய லைனஸ், இலக்கு நிர்ணயத்தின் பெரிய தேசியச் சோதனை. மூன்றாம் ஆண்டை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மிக உன்னதமான நோக்கம். எழுத்தறிவு 12 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, பிள்ளை எந்தக் கூறில் நிற்கிறது என்று பார்க்கப்பட்டது. மாவட்டத்திலிருந்து வழிநடத்துநர்கள் பள்ளிக்கு வந்தார்கள். பின்தங்கிய பிள்ளையைப் பெயரோடு அடையாளம் கண்டதில் லைனஸின் பங்கு பெரிது.

ஆயினும் ஒரு கட்டமைப்புக் குறை அதனுள் இருந்தது. கற்பித்தவரே சோதித்தார், சோதித்தவரே பதிந்தார், பதிந்த எண்ணை வைத்துப் பள்ளியும் மாவட்டமும் மாநிலமும் மதிப்பிடப்பட்டன. இந்தச் சங்கிலியில் எங்கும் ஒருவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. தடுமாறி வாசித்த பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு, சந்தேகம் வரும் இடத்தில் பிள்ளைக்குச் சாதகமான தீர்ப்பு என்று மெல்லிய இரக்கங்கள் சேர்ந்தாலே எண் உயர்ந்துவிடும். லைனஸ் 2019இல் முடிவுக்கு வந்தது. இன்றைய வகுப்பறை மதிப்பீட்டிலும் அடைவு நிலையைத் தீர்மானிப்பவர் வகுப்பு ஆசிரியரே. கற்பித்தலுக்கு அது மிகச் சரியான ஏற்பாடு. பிள்ளையை நாள்தோறும் காண்பவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதே நிலையை அவருடைய சொந்த மதிப்பெண்ணுக்கு ஆதாரமாக்கும்போதுதான் அவரை நியாயமற்ற இடத்தில் நிறுத்துகிறோம்.

இந்தப் பாடம் பழையது. இங்கிலாந்தில் 1862இல் வந்த திருத்தச் சட்டத்தொகுப்பு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளை தேறினால் 8 ஷில்லிங் மானியம் என்றும், ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு என்றும் விதித்தது. பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். மற்றப் பாடங்கள் சுருங்கின. முறை 1890களில் கைவிடப்பட்டது. சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்வு முடிவைப் பொறுத்து மானியம் வழங்கும் ஏற்பாடு நடந்தது.

அண்மைக் காலத்தில் அமெரிக்கா இதே வழியில் வேகமாக நடந்து பார்த்தது. 2009இல் 435 கோடி டாலர் போட்டி நிதியோடு வந்த கூட்டரசுத் திட்டம், மாணவர் வளர்ச்சியை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்க்க மாநிலங்களைத் தூண்டியது. பொதுத்தேர்வு இல்லாத இசை, ஓவியம், உடற்கல்வி, தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு மாணவர் கற்றல் இலக்கு என்ற முறை பரவியது. 2015இன் புதிய கல்விச் சட்டம் அந்தக் கூட்டரசு நெருக்குதலைத் தளர்த்தியது. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் பல ஆண்டுகள் நடந்த ஆசிரியர் மதிப்பீட்டுச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், மாணவர் அடைவில் எதிர்பார்த்த முன்னேற்றம் கிட்டவில்லை என்று 2018இல் அறிவித்தது.

ஆனால் அமெரிக்க அனுபவத்தில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று டென்வர் நகரில் கிடைக்கிறது. 1999இல் அங்கு ஆசிரியர் சங்கமும் கல்வி நிர்வாகமும் சேர்ந்து நடத்திய முன்னோடித் திட்டத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் இரண்டு இலக்குகளை எழுதித் தலைமையாசிரியரின் ஒப்புதல் பெற்றார். அதை ஆராய்ந்தவர்கள், இலக்கு தரமாக எழுதப்பட்டிருந்த வகுப்புகளில் மாணவர் அடைவும் உயர்ந்திருந்ததைக் கண்டார்கள். தொடக்கச் சான்று, பொருத்தமான அளவுகோல், தெளிவான கற்பித்தல் வழி ஆகியவற்றை யோசித்து எழுதும் ஆசிரியர், அந்த யோசனையாலேயே நன்றாகக் கற்பிக்கிறார். ஆகவே மதிப்பெண் இடத்தான் வேண்டும் என்றால், இலக்கை எட்டியதற்கு இடுவதைவிட அதை எவ்வளவு சிந்தித்து வகுத்து, எவ்வளவு நேர்மையாகப் பின்தொடர்ந்தார் என்பதற்கு இடுவதே சரி.

நல்ல இலக்கு எப்படி இருக்கும்

இரண்டாம் ஆண்டுத் தமிழ் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். ‘80 விழுக்காட்டு மாணவர் மூன்றாம் அடைவு நிலையை எட்டுவர்’ என்று எழுதினால் படிவம் நிரம்பும்; வகுப்பில் எதுவும் மாறாது. முதல் வாரத்திலேயே இருபது சொற்களைச் சொல்வதெழுதுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆசிரியர் வேறு விதமாக எழுதுவார். ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்றும், ‘கோழி’ என்பதைக் ‘கேழி’ என்றும் எழுதிய ஏழு பேர் கொம்பை இட்டுக் காலை விட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு ஓசை தெரிகிறது. எழுத்தின் இரு பக்கமும் குறி வரும் என்பதுதான் பிடிபடவில்லை. ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று எழுதிய பதினொரு பேரின் சிக்கல் வேறு. வீட்டில் ழகர ஒலியே கேட்காத பிள்ளைக்குக் காதைப் பழக்காமல் கையைப் பழக்கிப் பயனில்லை. மூன்று பேர் எழுதவே தொடங்கவில்லை. அவர்களில் ஒருவர் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுபவராக இருக்கலாம்.

இதிலிருந்து மூன்று இலக்குகள் பிறக்கின்றன. முதல் குழு ஜூன் மாதத்துக்குள் ஒகர, ஓகார உயிர்மெய்களைப் பிழையின்றி எழுதும். இரண்டாம் குழு ஆண்டு முடிவில் ல, ள, ழ வேறுபாட்டைக் கேட்டு உணரும். இருபதில் பதினைந்து சொற்களைச் சரியாக எழுதும். மூன்றாம் குழுவுக்கு ஆண்டு முழுதும் குறைநீக்கல். இலக்கு அவரவர் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படும். சான்றாகப் பிள்ளையின் நோட்டுப் புத்தகமே போதும். முதல் மாதப் பக்கமும் கடைசி மாதப் பக்கமும் பக்கத்தில் பக்கத்தில். தலைமையாசிரியரோ பாடக்குழுத் தலைவரோ பத்து நிமிடத்தில் அதைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்க முடியும். தமிழ்ப்பள்ளி நாள் பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் தினமும் எழுதும் குறைநீக்கல், திடப்படுத்துதல், வளப்படுத்துதல் என்ற மூன்று சொற்களும் இப்படிப் பிள்ளையின் நிலைக்கேற்பக் கற்பிப்பதைத்தான் குறிக்கின்றன. இலக்கு அந்தச் சொற்களோடு இணைந்தால் புதிய படிவம் எதுவும் தேவையில்லை.

சிறு பள்ளிகளுக்கு இன்னொரு மாற்றம் வேண்டும். ஆறு பேர் வகுப்பில் விழுக்காடு எழுதுவதை நிறுத்தி, ஆறு பிள்ளைக்கும் ஆறு வரி எழுத அனுமதிக்க வேண்டும். நடு ஆண்டில் வந்த பிள்ளைக்கு வந்த நாளிலிருந்து தொடக்கம். போன பிள்ளை கணக்கில் இல்லை. ஓராண்டு முடிவை வைத்துத் தீர்ப்பு வழங்காமல், மூன்று ஆண்டுப் போக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் ஒருவர் வகுப்பின் மாதிரிகளை மற்றவர் திருத்தினால், தன் பிள்ளைக்குத் தானே தேர்வாளராகும் சங்கடமும் பெருமளவு தீரும். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பள்ளிகள் இவ்வளவு நெருங்கி இருப்பதால் இது செலவில்லாமல் நடக்கக்கூடியது.

நாட்காட்டி தொடர்பான தடையும் ஒன்று இருந்தது. பொதுச் சேவையின் மதிப்பீட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது. கோவிட் காலத்துக்குப் பின் கல்வியாண்டு மார்ச் மாதத்துக்குத் தள்ளப்பட்டதால், 2022 முதல் ஆசிரியர் படிவத்தை மூடிய நேரத்தில் வகுப்பு இன்னும் முடியாமல் நின்றது. ஒரு வகுப்பின் கடைசி மாதங்களும் அடுத்த வகுப்பின் தொடக்க மாதங்களும் ஒரே படிவத்தில் கலந்தன. 2026இல் கல்வியாண்டு மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியுள்ளது. இனி ஆசிரியர் ஒரே வகுப்புக்கு எழுதிய இலக்கை, அதே வகுப்பின் கடைசி நோட்டுப் பக்கத்தோடு, அதே ஆண்டின் படிவத்தில் வைத்துக் காட்டலாம்.